விடை தெரியாதவருக்கும் ஒரு கேள்வி

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம் எது? வீட்டில் இருக்கிறவர்கள் சத்தமாகவே சொல்லலாம், எனக்குக் கேட்காது. ஊட்டி, கோத்தகிரி, குந்தா பக்கத்திலிருந்து கேட்பவர்களில் பலர் இந்நேரம் ‘தொட்டபெட்டா’ என்று சொல்லியிருப்பீர்கள். ஊர்ப் பாசம் அப்படி. தொட்டபெட்டா 2637 மீட்டர். மூணாறு பக்கத்து ஆனைமுடி 2695 மீட்டர். 58 மீட்டரில் கோப்பை கேரளாவுக்குப் போய்விட்டது. ‘தமிழ்நாட்டிலேயே உயரமானது எது’ என்று கேட்டிருந்தால் உங்களுக்கு முழு மதிப்பெண்.

உலகத்திலேயே உயரமான மலை எது என்று கேட்டாலும் இதே வம்புதான். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட். கடலுக்கடியில் இருக்கும் அடிவாரத்திலிருந்து அளந்தால் ஹவாய்த் தீவின் மௌனா கியா, பத்தாயிரம் மீட்டருக்கும் மேல். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரில் இருக்கும் சிம்பொராசோ. பூமி நடுவில் கொஞ்சம் தொந்தி போட்டிருப்பதால் அந்த மலைக்கு அந்த அதிர்ஷ்டம். எங்கிருந்து அளப்பது என்று சொல்லாமல் கேள்வி கேட்டால், மூன்று அணிகள் எழுந்து நின்று மூன்று விடை சொல்லும், மூன்றும் சரியாக இருக்கும், நடுவர் பாடு திண்டாட்டம்.

அந்தத் திண்டாட்டம் எனக்குப் பழக்கம். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. மழைக்காலத்துச் சனிக்கிழமைகளில் எஸ்டேட் ஸ்டாஃப் கிளப்பில் பொது அறிவு க்விஸ் நடத்துவது என் பைத்தியம். மேஜைக்கு நாலு பேர். டீயும் வர்க்கியும் உண்டு. கடைசியில் வருகிற அணி வர்க்கிக்குக் காசு கொடுக்கவேண்டும். கைப்பேசிகள் எல்லாம் வாசலிலேயே ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். இங்கிலாந்தில் 1970-களில், கூட்டம் வராத வார நாட்களில் ஆளை வரவழைக்க மதுக்கடைகளில் பரவிய விளையாட்டு இது. நம் நாட்டில் 1967-ல் கொல்கத்தாவில் நீல் ஓ’பிரையன் நடத்தியதைத்தான் முதல் பொதுப் போட்டி என்று சொல்வார்கள். தொலைக்காட்சியில் கோடி ரூபாய் வந்தது அதற்கு ரொம்பப் பிறகு. எங்களிடம் கோடியும் இல்லை, மதுவும் இல்லை. சண்டை மட்டும் தாராளமாக உண்டு.

க்விஸ் என்றாலே மனப்பாடம் என்று நினைக்கிறோம். தேர்வு வழிகாட்டி நூல் ஒன்றை வாங்கி, அதிலிருந்து ஐம்பது கேள்வியை உருவி எடுத்து, ‘எந்த ஆண்டு, எந்த ஆண்டு’ என்று கேட்டுக்கொண்டே போனால் அரைமணி நேரத்தில் மண்டபம் தூங்கிவிடும். ஊட்டி மலை ரயில் எந்த ஆண்டில் ஓடத் தொடங்கியது? குன்னூர் வரை 1899, ஊட்டி வரை 1908. தெரிந்தவர் சொன்னார், தெரியாதவர் விழித்தார், அவ்வளவுதான். அதில் யாருக்கு என்ன சந்தோஷம்?

அதே ரயிலைப் பற்றி நான் இப்படிக் கேட்பேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது நீராவி எஞ்சின் பெட்டிகளுக்கு முன்னால் இருக்காது, பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வரும். ஏன்? இந்த ரயிலில் எத்தனையோ தடவை போனவர்கள் இங்கே இருக்கிறார்கள். பெரும்பாலானோர் யோசித்ததில்லை. ஆனால் யோசித்தால் வந்துவிடும். மேஜையில் குசுகுசு பேச்சு ஆரம்பிக்கும். ஒருவர் புகை என்பார், ஒருவர் பயணிகளுக்குக் காட்சி மறைக்காமல் இருக்க என்பார். அப்போது ஒரு மூலையிலிருந்து, ‘கொக்கி அறுந்தா பெட்டி எங்க போகும்?’ என்று ஒரு குரல் வரும். அதுதான் விடை. முன்னால் எஞ்சின் இருந்து இணைப்பு அறுந்தால் பெட்டிகள் பள்ளத்தைப் பார்க்க உருண்டுவிடும். பின்னால் எஞ்சின் இருந்தால் அதுவே முட்டுக்கொடுத்து நிற்கும். அது போதாதென்று பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்மேன் வேறு. கல்லாற்றில் தொடங்கிக் குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை ஓடுகிறதே, அது ஒன்றல்ல, இரண்டு. ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் இடைவெளி வருகிற மாதிரி பக்கத்தில் பக்கம் போட்டிருக்கிறார்கள். எஞ்சினின் பல்சக்கரத்துக்கு எந்த நொடியிலும் பிடி இருந்துகொண்டே இருக்கும். சுவிட்சர்லாந்துக்காரர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை. செங்குத்தான இடத்தில் 12 அடி போனால் ஒரு அடி ஏற்றம் என்கிற பாதைக்கு இது இல்லாமல் முடியாது. விடை தெரிந்த பிறகு அடுத்த தடவை ரயிலில் போகும்போது அந்த மனிதர் ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்ப்பார். எனக்கு அது போதும்.

தெரிந்தவர் உடனே சொல்லட்டும், தப்பில்லை. தெரியாதவரும் யோசித்தால் பக்கத்தில் வரமுடிகிற கேள்விதான் நல்ல கேள்வி என்பது என் கட்சி.

அந்தக் கட்சிக்கு நான் வைத்திருக்கும் துருப்புச்சீட்டு முத்தோரையில் இருக்கிறது. ஊட்டியிலிருந்து அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், மலைச்சரிவில் நீளமாக ஒரு இரும்புத் தொட்டிலைச் சாய்த்து வைத்த மாதிரி. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970-ல் வேலை செய்யத் தொடங்கியது. நான் கேட்கிற கேள்வி: இத்தனை பெரிய கருவியைச் சமதரையில் வைக்காமல் ஏன் ஒரு சரிவைத் தேடிப்பிடித்து வைத்தார்கள்?

ஒரு தடவை இந்தக் கேள்விக்கு, பாலாடாவிலிருந்து கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு லாரி ஓட்டுகிற ஒரு அண்ணன், ‘மட்டமான நெலம் வெவசாயத்துக்கு வேணும் சார், அதான்’ என்றார். மண்டபமே கைதட்டியது. விடை அதுவல்ல, ஆனாலும் எனக்கு அரை மதிப்பெண் கொடுக்க மனசு வந்தது.

விடையை நிதானமாகச் சொல்கிறேன். பூமி தன்னைத்தானே சுற்றுவதால் வானத்தில் எல்லாம் கிழக்கிலிருந்து மேற்காக நகர்கிற மாதிரி தெரிகிறது. ஒரு பொருளை விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமானால் தொலைநோக்கியும் அதே போக்கில் திரும்பவேண்டும். பூமியின் அச்சுக்கு இணையாகத் தொலைநோக்கியின் அச்சும் அமைந்துவிட்டால் ஒரே ஒரு திருப்பத்தில் வேலை முடிந்துவிடும். நிலநடுக்கோட்டில் இருந்தால் அந்த அச்சு தரையோடு படுத்திருக்கும். நாம் இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி வடக்கே. அதனால் தெற்கு வடக்காக அதே 11 டிகிரி சாய்ந்திருக்கவேண்டும். அந்தச் சாய்வை அப்படியே வைத்திருக்கிற ஒரு சரிவு முத்தோரையில் கிடைத்தது. மலையே பாதி வேலையைச் செய்துவிட்டது. இதனால் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தொடர முடிகிறது. இமயமலையில் 11 டிகிரி சரிவு எத்தனையோ கிடைக்கும், ஆனால் அங்கே அட்சரேகை வேறு, கணக்கு ஒத்துவராது. ஊட்டியில் மழைக்குப் பஞ்சமில்லையே, மேகம் மறைக்காதா என்று ஒருவர் கேட்டார். ரேடியோ அலைக்கு மேகம் ஒரு தடையில்லை. நல்ல கேள்வி ஒன்று இப்படி இன்னொரு கேள்வியைப் பெற்றுப்போடும்.

கிளப் என்றதும் நினைவுக்கு வருவது ஸ்னூக்கர். 1875-ல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரி ஒருவர் பில்லியர்ட்ஸ் மேஜையில் கூடுதலாக நிறப் பந்துகளைச் சேர்த்து உருவாக்கிய ஆட்டம். 1882-ல் ஊட்டி கிளப்பில்தான் அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. அந்த அதிகாரியின் பெயர் நெவில் சேம்பர்லின். உடனே யாராவது, ‘பிரிட்டன் பிரதமர்தானே?’ என்பார்கள். ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்ட பிரதமர் நெவில் சேம்பர்லின் பிறந்தது 1869-ல். ஆறு வயதில் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் அவருக்கு என்ன வேலை? பெயர் ஒன்று, ஆள் வேறு.

ஸ்னூக்கர் குச்சியைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் அதில் ஒரு கேள்வி வைக்கலாம். சிவப்புப் பந்து 15, ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. ஒரு சிவப்பு போட்டால் அடுத்து ஒரு நிறப் பந்து போடலாம், அதிகபட்சம் கறுப்பு, ஏழு புள்ளி. சிவப்பெல்லாம் தீர்ந்ததும் ஆறு நிறப் பந்துகளையும் இரண்டு, மூன்று என்று ஏழு வரை வரிசையாகப் போடவேண்டும். தவறே செய்யாத ஆட்டக்காரர் அதிகபட்சம் எத்தனை எடுக்கலாம்? 15 எட்டு 120. இரண்டிலிருந்து ஏழு வரை கூட்டினால் 27. ஆக 147. எங்கள் கிளப்பில் இந்தக் கணக்கை முதலில் போட்டு முடித்தது பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண். ஸ்னூக்கர் ஆடுகிறவர்கள் நினைவிலிருந்து எடுக்கத் தடுமாறிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து ஒரு தொல்லையைச் சொல்லியாகவேண்டும். பொது அறிவு என்ற பெயரில் பொய் நிறைய உலவுகிறது. ஒரு புத்தகத்தைப் பார்த்து இன்னொரு புத்தகம் எழுதப்படுவதால் அந்தப் பொய்க்கு வயது ஏற ஏற மரியாதையும் ஏறுகிறது. இந்தியாவின் தேசிய விளையாட்டு எது? ‘ஹாக்கி’ என்று நாம் எல்லாரும் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். 2012-ல் ஒரு பள்ளிச் சிறுமி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டபோது, எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்று விளையாட்டு அமைச்சகமே பதில் கொடுத்தது. விண்வெளியிலிருந்து சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்பது இன்னொன்று. 2003-ல் விண்வெளிக்குப் போன முதல் சீன வீரர் யாங் லிவெய் திரும்பி வந்து, எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். சொந்த நாட்டுச் சுவர், பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டிருக்க மாட்டாரா?

தமிழிலும் உண்டு. ‘திருக்குறளில் இடம்பெறும் இரண்டே மலர்கள் எவை?’ அனிச்சம், குவளை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் கிளப்புக்கு வருகிற ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு இந்தக் கேள்வியைக் கேட்டாலே ரத்தக் கொதிப்பு வந்துவிடும். 1103-ஆம் குறளில் ‘தாமரைக் கண்ணான் உலகு’ என்று இருக்கிறதே, 617-ல் ‘தாமரையினாள்’ என்று இருக்கிறதே, தாமரை மலர் இல்லையா, மரவள்ளிக்கிழங்கா என்பார். அங்கே மலரைச் சொல்லவில்லை, திருமாலையும் திருமகளையும் சொல்கிறார் என்று வாதாடலாம்தான். ஆனால் வாதாட இடம் இருக்கிற கேள்வியை எதற்குக் கேட்கவேண்டும்? இதையே, ‘குறளில் நான்கு இடங்களில் வரும் மலர் எது? முகர்ந்தாலே வாடிவிடும் என்கிறார் வள்ளுவர்’ என்று மாற்றிக் கேட்டால் சண்டை இல்லை. தெரியாதவரும், வாடுகிற மென்மையான பூ என்று தடவித் தடவி அனிச்சத்துக்கு வந்து சேருவார்.

கேள்வித் தொகுப்பாளர்கள் ஒருவரையொருவர் பார்த்து எழுதுகிறார்கள் என்பதற்கு நீதிமன்றத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் ஃபிரெட் வொர்த் என்பவர் துணுக்குச் செய்திகளுக்கென்றே ஒரு கலைக்களஞ்சியம் எழுதினார். யாராவது திருடினால் கண்டுபிடிக்க, அதில் ஒரு பொய்யை வேண்டுமென்றே செருகி வைத்தார். கொலம்போ என்ற துப்பறிவாளர் வருகிற தொலைக்காட்சித் தொடர் அப்போது பிரபலம். அந்தப் பாத்திரத்தின் முதல் பெயரைத் தொடரில் யாரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வொர்த் அதற்கு ‘ஃபிலிப்’ என்று தானாக ஒரு பெயர் வைத்துவிட்டார். சில வருடம் கழித்து, கனடாவில் பிறந்து உலகமெல்லாம் விற்ற ட்ரிவியல் பர்சூட் என்ற கேள்வி விளையாட்டில் கொலம்போவின் முதல் பெயர் என்ன என்று ஒரு அட்டை வந்தது. விடை, ஃபிலிப்! வொர்த் 1984-ல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு, ஆமாம், அவர் புத்தகத்தையும் பார்த்தோம், வேறு பல புத்தகங்களையும் பார்த்தோம், அதில் என்ன தப்பு என்றது. தகவல் யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லி நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. பொறியில் எலி மாட்டியது, ஆனால் எலியைப் பிடித்தவருக்குக் காலணா கிடைக்கவில்லை.

எலி என்றதும் குன்னூர் நினைவுக்கு வருகிறது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எந்த ஊரில் பிறந்தது? குன்னூரில்தான். 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில், பெரிபெரி நோயை ஆராய ஒரே அறையில் தொடங்கினார். 1958-ல்தான் அது ஹைதராபாத்துக்குப் போனது. இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடுவதை அப்படியே எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார் அவர். இதை வைத்து நான் கேட்பேன்: எந்தப் பகுதிச் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன? கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி சாப்பிடுகிற சீக்கியர் உணவு தின்றவை. பின்தங்கியவை எவை என்று கேட்டால் மண்டபத்தில் கொஞ்ச நேரம் மௌனம். தீட்டின அரிசியை நம்பியிருந்த நம் சென்னை மாகாணச் சாப்பாடு. அந்தச் சமயம் பார்த்து வர்க்கித் தட்டு சுற்றி வரும், ஒரு சிரிப்பு எழும்.

படித்தவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று யாராவது நினைத்தால் எங்கள் ஊருக்கு வாருங்கள். ஒரு கிலோ டீத்தூளுக்கு எத்தனை கிலோ பச்சைத் தேயிலை வேண்டும்? அதிகாரிகள் மேஜையில் இரண்டு என்றார்கள், பத்து என்றார்கள். இலை பறிக்கிற அக்காமார்கள் மேஜையிலிருந்து, ‘நாலு, நாலரை கிலோ’ என்று உடனே வந்தது. அதற்கடுத்து, பச்சைத் தேநீர் வேறு செடியா, கறுப்புத் தேநீர் வேறு செடியா என்று கேட்டபோதும் அவர்கள்தான் முந்தினார்கள். செடி ஒன்றே. பறித்த இலையைக் காற்றோடு வினைபுரிய விட்டுக் கறுக்க வைக்கிறோமா, சூடுகாட்டி அதை நிறுத்திவிடுகிறோமா என்பதில்தான் வித்தியாசம். ஊட்டி ஸ்ட்ராபெரி உண்மையான பெரி வகை இல்லை, பழனி பஞ்சாமிர்தத்தில் விழுகிற விருப்பாச்சி வாழைப்பழம்தான் தாவரவியல் கணக்கில் பெரி என்று சொன்னபோது மட்டும் எந்த மேஜையும் நம்பவில்லை. இன்னும் நம்பவில்லை.

கொடைக்கானல் நேயர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்களுக்கும் கேள்வி வைத்திருக்கிறேன். ஊட்டி ஏரியும் கொடைக்கானல் ஏரியும் இயற்கையாக வந்தவை அல்ல. இரண்டையும் உருவாக்கியவர்களுக்குள் ஒரு ஒற்றுமை, என்ன? ஊட்டியில் ஜான் சல்லிவன், கோயம்புத்தூர் கலெக்டர். கொடைக்கானலில் 1863-ல் வேர் லெவிஞ்ச், மதுரை கலெக்டராக இருந்தவர். இரண்டு மலைக்கும் கீழேயிருந்து ஒரு கலெக்டர் ஏறி வந்திருக்கிறார். சூரியனுக்கு வருவோம். பனிமூட்டத்துக்குப் பேர்போன கொடைக்கானலில் சூரியனைப் பார்க்க ஆய்வுக்கூடம் எதற்கு? 1870-களின் கொடும்பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்கள். தூசியில்லாத மலைக்காற்று அதற்கு வாகாக இருந்தது. அங்கேதான் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளிகளின் வெளி வளையத்தில் வாயு மையத்திலிருந்து வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டார். உலகம் முழுவதும் வானியல் மாணவர்கள் இன்றும் அவர் பெயரால்தான் அதைப் படிக்கிறார்கள். குறிஞ்சி அடுத்து எப்போது பூக்கும் என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். 2006, 2018, பன்னிரண்டைக் கூட்டத் தெரிந்தால் போதும்.

கடைசியாக ஒன்று, வீட்டிலோ பள்ளியிலோ க்விஸ் நடத்த நினைக்கிறவர்களுக்கு. இரண்டு அணிகள் சமமாக வந்து நின்றால் சரி, தப்பு என்று கேட்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள். யார் பக்கத்தில் வருகிறார்களோ அவர்கள் வென்றார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை மலை ரயில் பாதை 46 கிலோமீட்டர். அதில் எத்தனை பாலங்கள்? ஊர்க்காரர்கள் நாற்பது என்பார்கள், எண்பது என்பார்கள். சரியான எண் 250. சராசரியாக 184 மீட்டருக்கு ஒரு பாலம். ஓடையையும் வாய்க்காலையும் தாண்டுகிற சின்னப் பாலங்களையும் சேர்த்துத்தான். போன மழையில் ஒரு அணி 180 என்று எழுதியது, இன்னொரு அணி 300 என்று எழுதியது. 180 எழுதியவர்கள் நாங்கள்தான் கிட்டே என்று குதித்தார்கள். 300-க்கு வித்தியாசம் 50, 180-க்கு வித்தியாசம் 70. வர்க்கிக் காசு கைமாறியது.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.